பழைய நீராவி என்ஜினை ஓட வைப்பதா, உள்ளபடி காப்பதா: ஓர் எளிய விளக்கம்

சேலம் ஜங்ஷன் வழியாகச் செல்லும் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அன்றைய சேலம் மாவட்டத்தில் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் திறக்கப்பட்ட இரண்டு பாதைகளில் அந்த இடைவெளி வெறும் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. பஞ்சக் காலத்தில் தானியத்தை உள்நாட்டுத் தாலுகாக்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்று போடப்பட்ட பாதைகள் அவை. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பிற்காலத்தில் இரண்டுமே மூடப்பட்டு, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று மொரப்பூரில் இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அங்கிருந்து ஒரு சின்ன ரயில் ஓசூருக்குப் புறப்பட்ட கதை தெரியும் என்பது ஐயமே.

குறுகிய பாதையைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் செலவு. தண்டவாளங்கள் நெருங்கியிருந்தால் ரயில் கூர்மையான வளைவுகளிலும் திரும்ப முடியும். ஆகவே குன்றைக் குடையாமல் அதைச் சுற்றிக்கொண்டே போகலாம், பாலமும் மண்மேடும் சிறியனவாகவே போதும், தண்டவாளமும் என்ஜினும் எடை குறைந்தவையாக இருக்கலாம். இந்திய ரயில்வே 1,000 மில்லிமீட்டர் பாதையை மீட்டர் கேஜ் என்று தனியாக வகைப்படுத்தி, 762, 610 மில்லிமீட்டர் பாதைகளை மட்டும் குறுகிய பாதை என்று கணக்கில் கொள்கிறது. உலக வழக்கில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாமே குறுகிய பாதைதான். அந்தப் பரந்த கணக்கில் மீட்டர் கேஜான நீலகிரி மலை ரயிலும் சேரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை செல்லும் அந்தப் பாதை, 2007-இல் சேலம் ரயில்வே கோட்டம் உருவானதிலிருந்து இந்தக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. நீராவி என்ஜின்களை இன்றும் வேலைக்கு வைத்திருக்கும் ஒரு கோட்டத்தின் தலைமையிடம் தங்கள் ஊர் என்பதைச் சேலத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது, 762 மில்லிமீட்டர் பாதைக்குரிய, நூறு வயதைத் தாண்டிய ஒரு சிறிய நீராவி என்ஜின் எங்கோ ஒரு சர்க்கரை ஆலையின் பின்கட்டிலிருந்து மீட்கப்பட்டுச் சேலத்துக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரிக்காமல், ஓட்டாமல், மேலும் கெடாதபடி மட்டும் காத்து வைப்பது ஒரு வழி. கெட்ட பாகங்களைச் செப்பனிட்டும் மாற்றியும் மறுபடி நீராவியில் ஓட வைப்பது இன்னொரு வழி. பூங்காவிலோ அலுவலக வாசலிலோ ஒரு மேடை கட்டி, என்ஜினை ஏற்றி நிறுத்தி, முக்கியப் பிரமுகர் வரும்போதெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவது நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாவது வழி. இந்த மூன்றாவது வழியில் என்ஜின் காக்கப்படுவதில்லை. அது உள்ளுக்குள் உளுத்துப்போவது வெளியில் தெரியாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, நீராவி என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ஜினின் பின்பக்கம், டிரைவர் நிற்கும் இடத்துக்கு முன்னால், தீயறை இருக்கிறது. அதில் எரியும் நிலக்கரியின் சூடான புகை, கொதிகலனுக்குள் நீளவாக்கில் செல்லும் பல டியூப்கள் வழியாக முன்பக்கத்துப் புகையறைக்குப் போய், புகைபோக்கியில் வெளியேறுகிறது. டியூப்களையும் தீயறையின் சுவர்களையும் சுற்றி நிற்கும் நீர் அந்தச் சூட்டில் கொதித்து நீராவியாகி, கொதிகலனின் மேற்பகுதியில் அழுத்தத்தோடு தேங்குகிறது. டிரைவர் ரெகுலேட்டர் கைப்பிடியை இழுத்தால் அந்த நீராவி சிலிண்டர்களுக்குச் சென்று பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. வேலை முடித்த நீராவி புகையறைக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாகப் பீறிட்டுக்கொண்டு மேலே போகும்போது புகையையும் இழுத்துச் செல்கிறது, அதனால் தீயறைக்குள் காற்று வேகமாகப் பாய்கிறது, தீ கொழுந்து விடுகிறது. என்ஜின் எவ்வளவு கடினமாக உழைக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தன் தீயைத் தானே ஊதிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் இன்றுவரை வியந்து பார்க்கிறேன். ‘குப்... குப்...’ என்ற அந்த ஒலியும் இதனால் வருவதுதான்.

சேலத்துக்கு வந்த நம் என்ஜினிடம் திரும்புவோம். ஆர்வமுள்ள குழு ஒன்றின் கையில் கிடைத்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே யாராவது ஸ்பானரோடு வந்து நின்றுவிடுவார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதிலிருந்துதான் முறையான வேலை தொடங்குகிறது. ஓர் ஆணியைக்கூடக் கழற்றுவதற்கு முன்பு, என்ஜின் வந்த நிலையில் எப்படி இருக்கிறது என்பதை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து, அளந்து, எழுதி வைக்க வேண்டும். இணைப்புத் தண்டுகளின் முனையில் படிந்திருக்கும் கிரீசையும் தூசியையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தால், உளியால் அடித்துப் பதித்த சிறிய எண்கள் பெரும்பாலும் தென்படும். வலப்பக்கத் தண்டில் ஓர் எண்ணும் இடப்பக்கத் தண்டில் வேறோர் எண்ணும் இருந்தால், ஒரே வகையைச் சேர்ந்த வேறோர் என்ஜினிலிருந்து அந்தத் தண்டைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பணிமனைகளில் இது அன்றாட வழக்கம். அந்த எண் எங்கும் எழுதப்படாத ஒரு பழுதுபார்ப்பின் சாட்சி. கிரைண்டரை வைத்து மேற்பரப்பைப் ‘பளபள’வென்று தேய்ப்பவர் அதை அரை நிமிடத்தில் அழித்துவிடுவார்.

பெயின்ட்டும் அப்படியே. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில், உள்ளங்கை அளவு பரப்பை எடுத்துக்கொண்டு, படிப்படியாக நயமான உப்புத்தாளால் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக வண்ணங்கள் வெளிப்படும். மேலே ஆலைக்காரர் அடித்த கறுப்பு, அதற்குக் கீழே ஒரு பச்சை, அதற்கும் கீழே செங்காவி நிற அடிப்பூச்சு என்றெல்லாம் கிடைக்கலாம். எந்த நிறத்தில் அந்த என்ஜின் எப்போது ஓடியது என்ற கேள்விக்கு, பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் தராத விடை அந்த உள்ளங்கை அளவு பரப்பில் இருக்கிறது. முழு என்ஜினையும் மணல் வீசிச் சுத்தப்படுத்திய பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் தேய்ப்பவர் முகக்கவசம் அணிவதும், தூசி பறக்காமல் நனைத்துத் தேய்ப்பதும் கட்டாயம்.

ஓட்டாமல் காப்பது என்று முடிவெடுத்தால், எதிரி ஈரம். கொதிகலனுக்குள் தேங்கி நிற்கும் நீரை முற்றிலும் வடித்து உலர்த்த வேண்டும். அதைவிட முக்கியமாக, தீயறையின் அடியிலும் புகையறையிலும் கிடக்கும் பழைய சாம்பலையும் கரியையும் சுரண்டி எடுக்க வேண்டும். நிலக்கரியிலுள்ள கந்தகம் சாம்பலில் தங்கி, மழைநீரோடு சேர்ந்து அமிலமாகி, தகட்டை அரித்துவிடும். புகைபோக்கியின் வாயை மூடாமல் விட்டால் ஒவ்வொரு மழையும் நேராகப் புகையறைக்குள்தான் இறங்கும். கொதிகலனைச் சுற்றி நாம் வெளியிலிருந்து பார்ப்பது உண்மையில் கொதிகலன் அன்று, சூடு வெளியேறாமலிருக்கச் சுற்றிய பஞ்சுப் பொதியின் மேல் போர்த்திய மெல்லிய தகடு. அந்தப் பொதி மழைநீரை உறிஞ்சிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கொதிகலன் தகட்டோடு ஒட்டிக்கிடக்கும். பூங்காவில் பளிச்சென்று நிற்கும் என்ஜின் ஒன்றின் வயிற்றுப் பகுதியை விரலால் அழுத்தியபோது அந்தப் போர்வைத் தகடு அப்பளம் மாதிரி உடைந்து, உள்ளேயிருந்து துரு கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அதன்மேல் பூசியிருந்த பெயின்ட் அந்த ஆண்டு அடித்ததுதான்.

இந்தப் பொதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய என்ஜின்களில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதன் இழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியவை. ஆர்வலர்கள் கையால் பிய்த்துப் போடக்கூடிய பொருள் அன்று அது. உரிய பயிற்சியும் உடையும் உள்ளவர்கள் நனைத்து, மூட்டை கட்டி, சட்டப்படி அப்புறப்படுத்த வேண்டிய கழிவு. அந்த இடத்தில் இப்போது கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ வைக்கிறார்கள்.

என்ஜினை எங்கே நிறுத்துவது என்ற பேச்சு வந்தால், சேலத்தில் யாராவது ஒருவர் ஏற்காட்டைச் சொல்லாமல் இருக்கமாட்டார். சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், ஏரி இருக்கிறது, மலை ரயில் இல்லாத மலையில் ஓர் என்ஜினாவது இருக்கட்டுமே என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிரமத்தைக்கூட ஒதுக்கிவிடலாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மழைக்காலமெல்லாம் மூடுபனி தவழ்கிறது, இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் அந்த ஈரம் துளிகளாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். சேவராயன் மலையின் காப்பிச் செடிக்கு உகந்த தட்பவெப்பம் கொதிகலன் தகட்டுக்கு உகந்ததன்று. சேலத்தின் வறண்ட வெயிலில், நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள ஒரு கூரையின் கீழ் நிறுத்துவது அந்த என்ஜினின் ஆயுளை நீட்டும். ஏற்காட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், கூரை மட்டும் போதாது. சுவரும் கதவும் உள்ள கொட்டகை வேண்டும்.

ஓட வைப்பது என்று முடிவெடுத்தால் பேச்சு முழுவதும் கொதிகலனைச் சுற்றியே நடக்கும், நடக்க வேண்டும். நீர் 100 டிகிரியில் கொதித்து நீராவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 மடங்கு அழுத்தம் நிலவும் கொதிகலனுக்குள் நீர் 180 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அந்த நிலையில் தகடு ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும். 180 டிகிரியில் நிற்கும் நீர் முழுவதும் இனித் திரவமாகவே இருக்க முடியாமல், அதன் ஒரு பகுதி நொடிப்பொழுதில் நீராவியாக வெடிக்கும். என்ஜினையே தூக்கி எறிந்த கொதிகலன் வெடிப்புகள் இப்படித்தான் நிகழ்ந்தன. ஆகவே, சக்கரம் உருளுகிறதா, விசில் ஊதுகிறதா என்பதெல்லாம் பிறகு. கொதிகலன் தகட்டின் தடிமன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. இதை இப்போது மீயொலிக் கருவியால் தகட்டைத் துளைக்காமலேயே அளக்க முடிகிறது. கொதிகலன் முழுவதும் சதுரக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தடிமனை அளந்து எழுதினால், எங்கே அரித்திருக்கிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

அரிப்புக்கு அடுத்தது உப்புப் படிவு. சேலத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர் இது. நிலத்தடி நீரில் மக்னீசியமும் கால்சியமும் மிகுதி. அதே படிவு தீயறைச் சுவரின் நீர்ப்பக்கத்தில் சேர்ந்தால், அது சூட்டை எளிதில் கடத்தாது. உள்ளே தீ, வெளியே நீர் என்று இருக்கும் வரை தகட்டின் சூட்டை நீர் வாங்கிக்கொள்ளும். இடையில் படிவு புகுந்துவிட்டால் தகடு நீரின் வெப்பத்தைவிட வெகுவாகச் சூடேறி, வலுவிழந்து, அழுத்தம் தாங்காமல் புடைக்கத் தொடங்கும். ஆகையால் சேலத்தில் ஓடப்போகும் என்ஜினுக்கு மென்னீராக்கிய தண்ணீரோ, சேர்த்து வைத்த மழைநீரோ வேண்டும். குறித்த இடைவெளியில் கொதிகலனின் கழுவுதுளைகளைத் திறந்து, அழுத்தமாக நீர் பாய்ச்சி உள்ளேயிருக்கும் சேற்றை வெளியேற்றவும் வேண்டும்.

தீயறை ஒரு பெட்டிக்குள் வைத்த இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே நீர் நிற்கிறது. தட்டையான சுவர் அழுத்தத்தைத் தாங்காது என்பதால், இரு சுவர்களையும் சில அங்குலங்களுக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு முறை தீ மூட்டும்போதும் உட்பெட்டி வெளிப்பெட்டியைவிட அதிகமாக விரிவதால் இந்தப் போல்ட்டுகள் சற்றே வளைகின்றன. ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து முறிகின்றன. முறிந்தது வெளியில் தெரியாது. அதற்காகவே பல போல்ட்டுகளின் நடுவே நீளவாக்கில் ஒரு நுண்துளை போட்டிருப்பார்கள். போல்ட் முறிந்தால் அந்தத் துளை வழியாக நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். பழைய கொதிகலன் மேஸ்திரிகள் சிறு சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். நல்லது ‘கிண்’ என்று ஒலிக்கும், முறிந்தது ‘டப்’பென்று மந்தமாக ஒலிக்கும். கருவிகள் வந்த பிறகும் இந்தச் சோதனை கைவிடப்படவில்லை.

டியூப்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை தேயும் பொருள். ஓட வைக்கும் எந்த முயற்சியிலும் அவற்றைப் பெரும்பாலும் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். தகட்டை மாற்றுவதுதான் கைத்திறன் கேட்கும் வேலை. பழைய கொதிகலன்கள் ரிவெட் அடித்துச் சேர்த்தவை. செக்கச்செவேலென்று காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்கினால், அது ஆறும்போது சுருங்கி, இரண்டு தகடுகளையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்று வெல்டிங் வந்துவிட்டது, வலுவிலும் குறைவில்லை. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ரிவெட்டையே அடிக்க வேண்டும் என்பதில் பல குழுக்கள் பிடிவாதமாக இருக்கின்றன. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு, அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் கிடைக்கும் வரை.

வேலை முடிந்த கொதிகலனுக்கு உடனே தீ வைத்துவிடக் கூடாது. காற்று துளியும் இல்லாமல் குளிர்ந்த நீரால் நிரப்பி, பம்ப் வைத்து, இயங்கு அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பது பல நாடுகளில் வழக்கம். நீர் அழுத்தத்தில் மிகச் சிறிதளவே சுருங்கும். ஆகவே எங்காவது பிளந்தாலும் கொஞ்சம் நீர் பீய்ச்சியடிப்பதோடு முடிந்துவிடும், வெடிப்பு இராது. அதில் தேறிய பிறகே மெதுவாகத் தீ மூட்டி, பாதுகாப்பு வால்வுகள் குறித்த அழுத்தத்தில் தானாகத் திறக்கின்றனவா, நீர்மட்டக் கண்ணாடிகள் உண்மையைக் காட்டுகின்றனவா, இன்ஜெக்டர் நீரை உள்ளே தள்ளுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தீயறையின் கூரையில் ஈயம் நிரப்பிய ஒரு சிறு திருகு அடைப்பான் உண்டு. நீர்மட்டம் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் 327 டிகிரியில் உருகி, நீராவி தீயின்மேல் சீறி எச்சரிக்கும். கொதிகலன் மொத்தமும் கெடுவதற்கு முன் தன்னைப் பலிகொடுக்கும் பாகம் அது.

சக்கரங்கள் வேறு வகை வேலை. என்ஜின் சக்கரத்தின் வெளிவிளிம்பு தனி எஃகு வளையம். டயர் என்றே பெயர். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முறை அதுவே. 1 மீட்டர் விட்டமுள்ள எஃகு வளையத்தை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர் விரியும். அந்த விரிவில் சக்கரத்தை உள்ளே இறக்கி ஆறவிட்டால், வளையம் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். தேய்ந்த டயரைப் பெரிய லேத்தில் கடைந்து வடிவத்தைத் திருத்தலாம், ஓர் அளவுக்குமேல் தேய்ந்திருந்தால் புதிது மாட்ட வேண்டும். அச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்பதையும் மீயொலியால் பார்ப்பார்கள். அச்சு சுழலும் இடங்களில் வெள்ளீயம் முதன்மையாகக் கலந்த மென்மையான பாபிட் உலோகத்தை உருக்கி ஊற்றி, அளவாகக் கடைந்து, நீலச்சாயம் தடவி, அச்சில் வைத்துத் திருப்பி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சீவி, மறுபடி வைத்துத் திருப்பி, மறுபடி சீவி என்று பொருத்துவது நாள்கணக்கில் பொறுமையைக் கேட்கும் வேலை. சேலத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பிஸ்டன் வளையம், புஷ், வால்வுத் தண்டு போன்ற சிறு பாகங்களை ஊருக்குள்ளேயே செய்துகொள்ளலாம். கொதிகலனுக்கும் பெரிய சக்கரங்களுக்கும் மட்டும் வசதியுள்ள பணிமனையைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இப்படிக் கொதிகலன் தகட்டில் பாதி, டியூப் முழுவதும், டயர், பேரிங், புகையறை என்று மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கேள்வி எழுகிறது: இது இன்னும் அந்தப் பழைய என்ஜின்தானா? ரயில்வேக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். வேலையில் இருந்த காலத்திலேயே என்ஜின்களின் கொதிகலன்கள் மாற்றப்பட்டுக்கொண்டேதான் இருந்தன. நீலகிரிப் பாதையின் எக்ஸ் வகை என்ஜின்களை ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து ஆலை 1914 முதல் 1925 வரையும் பிறகு 1952-இலும் கட்டிக் கொடுத்தது. 12 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் அந்தச் சரிவில் ஏறுவதற்காக, வழக்கமான சக்கரங்களோடு, பாதையின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரங்களும் அவற்றுக்கு உண்டு. மேலடுக்கிலும் கீழடுக்கிலுமாக நான்கு சிலிண்டர்கள். உயரழுத்தச் சிலிண்டர்களில் வேலை முடித்த நீராவியே தாழழுத்தச் சிலிண்டர்களுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவை முதுமையடைந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை பழையவற்றைச் செப்பனிட்டதோடு நில்லாமல், 2010-க்குப் பிறகு அதே வகையில் புதிய என்ஜின்களையே கட்டியது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஒரு ரயிலை இயக்கத்தில் வைத்திருக்க அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். புதியவை பாரத்தை இழுக்கும்போது, பழையவற்றில் மிஞ்சியிருக்கும் அசல் உலோகத்தின்மேல் விழும் சுமை குறைகிறது.

டார்ஜிலிங்கின் 610 மில்லிமீட்டர் பாதைக்கென்று 1889-இலிருந்து கட்டப்பட்ட பி வகை என்ஜின்கள் மொத்தம் 34. அவற்றில் 1889-ஆம் ஆண்டின் ஒன்று 1960-களில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, பிறகு இங்கிலாந்துக்குப் போய், செப்பனிடப்பட்டு மறுபடி நீராவியில் ஓடியது. இன்னொரு எடுத்துக்காட்டு அகலப் பாதையைச் சேர்ந்தது: நெடுங்காலம் மேடைமேல் காட்சிப் பொருளாக நின்ற, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இ.ஐ.ஆர் 21 என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு என்ஜினைச் சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனை 2010-இல் ஓட வைத்தது. காணாமல் போயிருந்த பாகங்களைப் புதிதாகச் செய்தே அதை ஓட வைக்க முடிந்தது.

ஐரோப்பியப் பாரம்பரிய ரயில்களின் கூட்டமைப்பு 2005-இல் ஏற்ற ரிகா சாசனம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு நடுவழி காட்டுகிறது. ரயில் என்பது ஓடுவதற்காகப் பிறந்தது என்பதையும், ஓடுவதற்காகச் சில பாகங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. கூடவே, எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எதை வைத்து மாற்றினோம் என்பதைப் பதிவு செய்வதைப் பொறுப்பாக வலியுறுத்துகிறது. என் அளவுகோல் இன்னும் எளிது. அந்த வகையில் பல என்ஜின்கள் மிஞ்சியிருந்தால் ஒன்றிரண்டை ஓட வைக்கலாம், வைக்கவும் வேண்டும். உலகில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான் என்றால், அதன் கொதிகலனில் கை வைக்காமல், கூரைக்குக் கீழே, வந்த நிலையில், வந்த வண்ணத்தோடு நிறுத்துவதே முறை. ஓட வேண்டுமென்ற ஆசை மிஞ்சினால் அதன் வரைபடத்தை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். மாற்றிய பழைய பாகங்களையும் காயலான் கடைக்கு அனுப்பாமல், எண் எழுதி, எண்ணெய் பூசி, அலமாரியில் வைக்க வேண்டும். கழற்றிய ஒரு தீயறைத் தகட்டை வெட்டிப் பார்த்தால் நூறு ஆண்டுக்கு முந்தைய எஃகும் செம்பும் எப்படி உருக்கப்பட்டன என்பது உலோகவியலாளருக்குத் தெரியும்.

நம் சேலத்து என்ஜின் ஓடத் தகுதியான ஒன்றாகவே இருந்து, எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அதை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். காலை ரயிலுக்கு முந்தின இரவே தீ மூட்டத் தொடங்குவார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உட்பெட்டியும் வெளிப்பெட்டியும் ஒத்து விரியாமல் ஸ்டே போல்ட்டுகள் முறியும், டியூப் முனைகள் கசியும். ஓட்டம் முடிந்ததும் சட்டென்று தீயை அணைத்துக் குளிர்ந்த நீரை உள்ளே விடுவதும் அதே கேட்டைச் செய்யும். எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு முன்னால் கரி போட வேண்டும், இறக்கத்தில் என்ஜின் முன்பக்கம் சாயும்போது தீயறைக் கூரையின்மேல் நீர் போதுமான அளவு நிற்கிறதா, புகையின் நிறம் எதைச் சொல்கிறது என்பவற்றையெல்லாம், தீயறைக்குக் கரி போடும் ஃபயர்மேன், புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, இன்னொரு ஃபயர்மேனின் பக்கத்தில் நின்றே பழக வேண்டும். குன்னூர் லோகோ ஷெட்டில் அந்தப் பழக்கம் இன்றும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சேலத்தில் ஒரு குழு உண்மையாகவே இறங்கினால் முதலில் ஆளனுப்ப வேண்டிய இடம் அது. வேலையும் ஒரு தடவையோடு முடியாது. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை டியூப்களை உருவி, கொதிகலனைச் சட்டகத்திலிருந்து தூக்கி இறக்கி, தகட்டின் தடிமனை மறுபடி அளப்பது வழக்கம். அதற்கான பணத்தையும் ஆளையும் என்ஜின் ஓடத் தொடங்கும் முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கி வைக்க வேண்டும்.